பிக்கப் வண்டியின் தேய்ந்த ஸ்டீயரிங் இடைத்தண்டு: கண்டறிவதும் மாற்றுவதும்

பிக்கப் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வளைவில் திருப்பும்போது ஸ்டீயரிங் வீலில் ‘டக்’ என்று ஒரு தட்டு உணரப்பட்டால், அல்லது குண்டும் குழியுமான சாலையில் அதே தட்டு ஓட்டுநரின் காலடியிலிருந்து எழுவதுபோல் கேட்டால், சந்தேகப்பட வேண்டிய பாகங்களுள் ஸ்டீயரிங் இடைத்தண்டும் ஒன்று. அதை மாற்றுவது பெரிய வேலை அன்று. ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் எவரும் பொறுமையோடு செய்துவிடலாம். குறை அந்தத் தண்டில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்வதுதான் கடினம். சத்தத்தை மட்டும் நம்பிப் புதுத் தண்டை வாங்கி மாட்டிவிட்டு, பழைய சத்தத்தோடேயே வண்டியை ஓட்டுவதில் பயனில்லை. ஆகவே இக்கட்டுரை கண்டறிதலுக்குக் கூடுதல் இடம் தருகிறது. ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் அந்தப் பகுதியை முழுவதும் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தண்டின் அமைப்பும் தேய்மானத்தின் காரணமும்

ஸ்டீயரிங் வீலைத் தாங்கும் தூண் ஓட்டுநர் அறைக்குள் இருக்கிறது. சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் பாக்ஸ், அல்லது ரேக், கீழே சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. இவ்விரண்டும் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. எனவே இவற்றுக்கு நடுவே, முனைகளில் யூனிவர்சல் ஜாயிண்ட் கொண்ட ஒரு குட்டையான தண்டு கோணத்தைச் சமாளித்துத் திருப்பலைக் கடத்துகிறது. அதுவே இடைத்தண்டு. அதன் நடுப்பகுதி பழைய வானொலிப் பெட்டியின் ஏரியலைப் போல ஒன்றுக்குள் ஒன்று நழுவி நீளவும் குறுகவும் கூடியது. சில வண்டிகளில் ஒரு முனையில் ஜாயிண்டுக்குப் பதிலாக, துணி இழை பதித்த ரப்பர்த் தட்டு ஒன்று இருக்கும்.

நழுவும் பகுதி எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்ததுபோலத்தான். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் ஓட்டுநர் அறை ஏணிச் சட்டத்தின் மேல் ரப்பர்த் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதும் பாரம் ஏற்றிய வண்டி முறுக்கும்போதும் அறையும் சட்டமும் தனித்தனியே அசைகின்றன. அறையோடு தூணும் சட்டத்தோடு பாக்ஸும் அசைவதால், அந்த வேறுபாடு முழுவதையும் நடுவிலுள்ள இடைத்தண்டு நழுவி ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. வண்டி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இது நடக்கிறது. உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்துபோனால் உலோகம் உலோகத்தில் உரசி, பிடித்துப் பிடித்து நழுவத் தொடங்கும். அந்தப் பிடிப்பு விடுபடும் கணத்தில் எழுவதே கையில் உணரப்படும் ‘டக்’. விபத்து நேர்ந்தால் ஸ்டீயரிங் வீலை ஓட்டுநரின் மார்பை நோக்கித் தள்ளாமல் தண்டு உள்ளே அழுந்திச் சுருங்குவதற்கும் இந்தப் பகுதி உதவுகிறது. எனவே இதை வெல்டு வைத்து இறுக்குவது உயிருக்கு ஆபத்தான செயல். எந்த நிலையிலும் செய்யக் கூடாது.

ஜாயிண்ட் தேய்வது வேறு விதம். கவை போன்ற இரண்டு முனைகளை இணைக்கும் சிலுவையின் நான்கு முனைகளிலும் சிறு கிண்ணங்களுக்குள் ஊசி பேரிங்குகள் இருக்கின்றன. சேறும் நீரும் உள்ளே புகுந்தால் கிரீஸ் கரைந்து, ஊசிகள் துருப்பிடித்துப் பொடியாகின்றன. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிச் செந்நிறத் தூள் வளையமாகப் படிந்திருப்பதைக் கண்டால், உள்ளே ஊசிகள் அரைபடுகின்றன என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். தூணிலேயே மின்மோட்டார் பொருத்தப்பட்ட பவர் ஸ்டீயரிங் வண்டிகளில் மோட்டாரின் விசை முழுவதும் இந்தத் தண்டின் வழியாகவே செல்கிறது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பழைய வகையில் உதவி விசை பாக்ஸிலேயே பிறப்பதால், தண்டு ஓட்டுநரின் கைவிசையை மட்டுமே சுமக்கிறது. இரண்டு வகை வண்டிகளிலும் ஒரே அளவு தேய்மானத்துக்கு ஒரே அளவு பொறுமை காட்ட முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

அறிகுறிகளைப் பிரித்தறிதல்

தேய்ந்த இடைத்தண்டு இரண்டு முகங்களைக் காட்டும். ஒன்று ஆட்டம். வீலைச் சிறிது திருப்பினாலும் சக்கரம் அசையாத ஒரு வெற்றிடம் தோன்றும். திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு கேட்கும். மற்றொன்று இறுக்கம். துருப்பிடித்த சிலுவை தன் கிண்ணத்தில் சிக்கிக்கொள்வதால், வீலை ஒரு முழுச் சுற்று சுற்றும்போது இரண்டு இடங்களில் கனத்தும் இரண்டு இடங்களில் இலேசாகவும் வரும். வளைவு முடிந்த பின் வீல் தானாக நேருக்குத் திரும்பாது. ஆட்டத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இறுக்கத்தை ‘பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைவாக இருக்கும்’ என்று ஒதுக்கிவிடுவதுண்டு. என் கருத்தில் இறுக்கமே அதிக அபாயமானது. இறுகிய ஜாயிண்டைத் தொடர்ந்து வலிந்து திருப்பினால் அது உடையும் வாய்ப்பு உண்டு.

இவ்விரண்டு அறிகுறிகளையும் வேறு பாகங்களும் காட்டக்கூடும். டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை), பால் ஜாயிண்ட், பிட்மேன் ஆர்ம் (பாக்ஸின் திருப்பலை டை ராட் இணைப்புகளுக்குக் கடத்தும் கை), ஐட்லர் ஆர்ம், சட்டத்தில் தளர்ந்துபோன ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட்டுகள், ரேக்கைத் தாங்கும் ரப்பர் புஷ்கள், தூணின் மேல் பேரிங் ஆகிய எதிலும் இதே தட்டு பிறக்கலாம். இடைத்தண்டு பெரும்பாலும் இரும்பாக இருப்பதால், கீழே எங்கே பிறந்த சத்தமும் அதன் வழியாக ஏறி வந்து ஓட்டுநரின் கையில் ஒரே மாதிரி ஒலிக்கும். ஆகவே காதை நம்புவதை விட்டுவிட்டு, கையின் அசைவு எந்த இடத்தில் தொலைகிறது என்பதைக் கண்ணால் தேட வேண்டும்.

அசைவைத் தேடும் சோதனை

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். ஜாக்கில் தூக்கிவிட்டால் சக்கரங்கள் எதிர்ப்பின்றித் திரும்பிவிடும். ஆட்டம் தன்னைக் காட்டிக்கொள்ளாது. பூட்டு விலகும் அளவுக்குச் சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓடவிடாமல், உதவிக்கு ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, வீலை இடமும் வலமும் கைவிரல் அளவு மட்டும் ஒரே சீராக ஆட்டச் சொல்லுங்கள். முழுச் சுற்றுத் தேவையில்லை; சிறிய அசைவில்தான் குறை தெளிவாகத் தெரியும்.

இப்போது டார்ச் ஒளியில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். தூணின் தண்டு திரும்பும் அதே கணத்தில் மேல் ஜாயிண்டின் இரு கவைகளும் சேர்ந்து திரும்புகின்றனவா? நழுவும் பகுதியின் வெளிக்குழாயும் உட்தண்டும் ஒன்றாகத் திரும்புகின்றனவா? கீழ் ஜாயிண்டும் பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டும் ஒன்றாகத் திரும்புகின்றனவா? ஒரு கவை திரும்பிய பின்னரே அடுத்த கவை திரும்பினால், அந்த இடைவெளியே குறை. கண்ணுக்குப் புலப்படாவிட்டால், இரண்டு பாகங்களின் மேலும் தொடர்ச்சியாக ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். ஆட்டும்போது கோடு நடுவில் உடைந்து விலகுவது தெரியும். அதற்கும் மேல் ஐயம் இருந்தால், ஜாயிண்டின் கிண்ணத்தின் மேல் விரல் நுனியை வையுங்கள். தேய்ந்த ஜாயிண்ட் ஒவ்வொரு திசை மாற்றத்திலும் விரலில் சிறிதாகக் குத்தும். நல்ல ஜாயிண்ட் வழவழப்பாகத் திரும்பும்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் ஓரிடம் உண்டு. எண்ணெய் அழுத்த ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் முறுக்குத் தண்டு ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் எவ்வளவு விசை கொடுக்கிறார் என்பதை அதன் முறுக்கலே வால்வுக்குத் தெரிவிக்கிறது. எஞ்சின் ஓடாத நிலையில் பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு சிறிது திரும்பிய பிறகே பிட்மேன் ஆர்ம் அசைவது இதனால் இயல்பே. அந்தச் சிறு இடைவெளியைக் கண்டு பாக்ஸ் கெட்டுவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு அதே சோதனையை மறுபடி செய்தால் இயல்பான முறுக்கும் உண்மையான தேய்மானமும் பிரிந்து தெரியும். அப்போது கண்ணால் மட்டும் பாருங்கள். எஞ்சின் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகில் கையையோ தொங்கும் துணியையோ கொண்டுபோகக் கூடாது.

உள்ளீட்டுத் தண்டு வரை அசைவு குறையாமல் வந்து, அதற்குப் பின் எஞ்சின் ஓடும்போதும் தொலைந்தால் குறை பாக்ஸில் இருக்கிறது. பிட்மேன் ஆர்ம் அசைந்தும் சக்கரம் அசையாவிட்டால் குறை டை ராட் இணைப்புகளில். பாக்ஸே சட்டத்தின் மேல் நகர்ந்தால் அதன் போல்ட்டுகளையும் சட்டத்தில் விரிசல் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். வீலை மேலும் கீழும் தூக்கிப் பார்க்கும்போது அசைந்தால் தூணின் பேரிங்கைப் பாருங்கள். ரப்பர்த் தட்டு உள்ள வண்டியில் அதில் விரிசலோ எண்ணெய் ஊறிய மென்மையோ இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். மேலே கசியும் பவர் ஸ்டீயரிங் ஆயில் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும்.

நழுவும் பகுதிக்கு மட்டும் கிரீஸ் ஏற்றினால் போதாதா என்ற கேள்வி எழும். ஜாயிண்டுகள் இரண்டும் நன்றாக இருந்து, கிரீஸ் காய்ந்ததால் மட்டும் தட்டு எழுந்தால், கிரீஸ் ஏற்றிய பின் சத்தம் நின்றுவிடும். ஆனால் ஸ்ப்லைன் பற்கள் (வெளிக்குழாயும் உட்தண்டும் ஒன்றையொன்று பிடித்துத் திரும்ப உதவும் நீளவாக்குப் பற்கள்) தேய்ந்த பிறகு கிரீஸ் சத்தத்தைச் சில காலம் மறைக்குமே தவிர ஆட்டத்தைப் போக்காது. சுழற்சித் திசையில் கையால் உணரும் ஆட்டம் இருந்தால் தண்டை மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால், மாற்றும் வரை வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டாம். ஜாயிண்ட் பிரிந்துவிட்டால் வீலுக்கும் சக்கரங்களுக்கும் எந்தத் தொடர்பும் மிஞ்சாது.

கழற்றுவதற்கு முன்

வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய புதுத் தண்டை வாங்கி, பழையதோடு ஒப்பிடக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். உடைந்த வண்டியிலிருந்து எடுத்த தண்டை நான் ஏற்பதில்லை. விபத்தில் அது அழுந்தியதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சாக்கெட்டுகள், நீட்டிப்புத் துண்டு, டார்க் ரென்ச், துருநீக்கி எண்ணெய், வயர் பிரஷ், அகலமான தட்டை ஸ்க்ரூ டிரைவர், வெள்ளை பெயிண்ட் பேனா ஆகியவை போதும். தண்டின் இரு முனைகளையும் பூட்டும் இரண்டு போல்ட்டுகளும் புதியவையாக இருக்கட்டும். வண்டிக்குரிய பழுதுநீக்கல் கையேட்டில் அந்தப் போல்ட்டுகளை இறுக்க வேண்டிய அளவைப் (டார்க்) பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் அது 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் அமைகிறது. எனினும் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்ற வேண்டும்.

முந்தின நாளே இரண்டு போல்ட்டுகளின் மேலும் துருநீக்கி எண்ணெய் தெளித்து ஊற விடுவது வேலையை மிகவும் எளிதாக்கும். வெளியேற்றுக் குழாய் பல வண்டிகளில் இடைத்தண்டுக்கு மிக அருகில் செல்வதால், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுக்க நேர்ந்தால் சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு வைக்காமல் உள்ளே நுழையக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக் தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அன்று.

முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, வீலும் நேராக இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, ஏர்பேக் மின்தேக்கியிலுள்ள மின்னூட்டம் வடிவதற்குக் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். பிறகு வீலை அசையாதபடி கட்டுங்கள். சீட் பெல்ட்டை வீலின் கீழ்ப்பக்க ஆரங்களினூடே கோத்து மாட்டி இறுக்கினால் போதும். சாவியை எடுத்ததும் விழும் பூட்டை மட்டும் நம்ப வேண்டாம். அது விழுவதற்குள் வீல் ஓரளவு திரும்பிவிடும்.

வீலைக் கட்டுவதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், வீலுக்குப் பின்னால் இருக்கும் கிளாக் ஸ்பிரிங். ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் கொண்டுசெல்லும் ஒரு தட்டையான கம்பிப் பட்டை அதற்குள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. நடுநிலையிலிருந்து இரு பக்கமும் குறிப்பிட்ட சில சுற்றுகள் வரைதான் அது தாங்கும். சாதாரணமாக வீலை அதற்கு மேல் சுற்ற விடாமல் தடுப்பது பாக்ஸின் எல்லை. இடைத்தண்டைக் கழற்றிவிட்டால் அந்தத் தடை இல்லை. கழற்றிய நேரத்தில் யாராவது வீலை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டால், வீல் பார்வைக்கு நேராகவே நிற்கும். தவறு நடந்ததற்கு எந்த அடையாளமும் இருக்காது. பின்னொரு நாள் வண்டியை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது பட்டை அறுந்துபோகும், ஏர்பேக்கும் வேலை செய்யாது. வேலை முடியும் வரை அந்தச் சீட் பெல்ட்டை யாரும் அவிழ்க்கக் கூடாது.

கழற்றுதல்

எஞ்சின் பக்கமிருந்தோ, முன்சக்கர வளைவிலுள்ள பிளாஸ்டிக் மறைப்பை நீக்கியோ தண்டை அடையலாம். சில வண்டிகளில் மேல் ஜாயிண்ட் ஓட்டுநர் அறைக்குள் பெடல்களுக்கு மேலே இருக்கும். முதலில் தூண் தண்டிலிருந்து மேல் கவைக்கும், கீழ்க் கவையிலிருந்து பாக்ஸின் தண்டுக்கும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். கவைக்கும் தண்டுக்கும் ஒரே ஒரு நிலையில் மட்டும் பொருந்தும் தட்டையான முகமோ அகலப் பல்லோ இருந்தாலும் கோடு இழுப்பதைத் தவிர்க்காதீர்கள்.

கீழ் போல்ட்டையும் மேல் போல்ட்டையும் கழற்றி முழுவதும் வெளியே எடுங்கள். தளர்த்தினால் மட்டும் கவை வராது, ஏனெனில் போல்ட்டின் உடல் தண்டில் வெட்டப்பட்ட பள்ளத்தின் குறுக்கே படுத்து, கவை நழுவாமல் பூட்டியிருக்கிறது. பிறகு கவையின் பிளவில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து மெல்ல விரித்து, நழுவும் பகுதியை அழுத்திச் சுருக்கி, ஒரு முனையை விடுவியுங்கள். துருவால் பிடித்திருந்தால் மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். கவையைப் பக்கவாட்டில் இலேசாகத் தட்டலாம். தண்டின் நீளவாக்கில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. விபத்தில் முறிந்து தூணைச் சுருங்க விடுவதற்கென்றே பல தூண்களில் பிளாஸ்டிக் முளைகள் வார்க்கப்பட்டுள்ளன. அந்த அடி அவற்றை முறித்துவிடும். கீழே பாக்ஸின் உள்ளீட்டு பேரிங்கும் அதே அடியில் பாதிக்கப்படும்.

வெளியே வந்த தண்டின் ஜாயிண்டுகளை எல்லாத் திசைகளிலும் மடக்கிப் பாருங்கள். ஏதாவது ஒரு திசையில் அது தடைபட்டு நின்றாலோ கடகடத்தாலோ உங்கள் கண்டறிதல் சரி. எந்தக் குறையும் தெரியாவிட்டால் அவசரப்பட்டுப் புதியதை மாட்டாதீர்கள். தூணின் முனையிலும் பாக்ஸின் முனையிலும் ஸ்ப்லைன் பற்கள் தேய்ந்து மழுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே தேய்மானம் இருந்தால் புதுத் தண்டும் அதே ஆட்டத்தோடுதான் உட்காரும்.

மாட்டுதல்

பழைய தண்டையும் புதியதையும் அருகருகே கிடத்தி, நீளம், முனைகளின் விட்டம், பற்களின் எண்ணிக்கை, இரு கவைகளும் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, பழையதிலுள்ள பெயிண்ட் குறிகளைப் புதியதற்கு மாற்றுங்கள். கவைகளின் நிலை முக்கியம். கோணத்தில் நிற்கும் ஒற்றை யூனிவர்சல் ஜாயிண்ட் திருப்பலைச் சீராகக் கடத்துவதில்லை. கோணம் 30 பாகை என்றால், வெளியேறும் வேகம் ஒரு சுற்றுக்குள் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையில் இருமுறை ஏறி இறங்கும். இரண்டாவது ஜாயிண்டின் கவையைத் தயாரிப்பாளர் ஒரு குறிப்பிட்ட நிலையில் நிறுத்தியிருப்பது அந்த ஏற்ற இறக்கத்தை ஈடுசெய்வதற்காகவே. நழுவும் பகுதியை முழுவதும் உருவி வேறு பல்லில் திரும்பச் செருகினால் அந்த ஈடு கெட்டு, வீல் கனத்தும் இலேசாகியும் வரும். ஆகவே அதை உருவாமலேயே மாட்டுங்கள்.

தூண் முனையையும் பாக்ஸ் முனையையும் வயர் பிரஷால் துரு நீங்கும்வரை தேய்த்துத் துடைத்த பின், தண்டைச் சுருக்கி ஒரு முனையைச் செருகி, நீட்டி மறுமுனையைச் செருகுங்கள். குறிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, போல்ட்டுகளைக் கையாலேயே நுழைத்துவிடுங்கள். போல்ட் விரல் விசையிலேயே பள்ளத்தின் குறுக்கே வழுக்கிச் செல்ல வேண்டும். அது முட்டி நின்றால் கவை தன் இடத்தில் முழுமையாக உட்காரவில்லை என்று பொருள். ஸ்பேனரால் வலிந்து முடுக்கினால் போல்ட்டின் மரை சிதைவதோடு, பூட்டு விழாத நிலையிலேயே இறுகிவிட்டதுபோல் தோன்றும். ஸ்டீயரிங் வேலையில் இதைவிட ஏமாற்றும் தவறு வேறில்லை. கையேடு கேட்டால் மரையில் பூட்டுப் பசை இட்டு, டார்க் ரென்ச்சால் குறிப்பிட்ட அளவுக்கு முடுக்குங்கள்.

சரிபார்த்தல்

கருவிகள் எதுவும் உள்ளே தங்கவில்லை என்று பார்த்து, பேட்டரியை இணைத்து, சீட் பெல்ட்டை அவிழ்த்து, வீலை இரு எல்லைகளுக்கும் மெதுவாகத் திருப்புங்கள். தண்டு வெளியேற்றுக் குழாயையோ பிரேக் குழாயையோ உரசக் கூடாது. எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையேயான தகட்டுச் சுவரிலுள்ள ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளக் கூடாது. முதலில் செய்த சோதனையை உதவியாளரோடு மறுபடி செய்யுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். ஸ்டீயரிங் கோண சென்சார் உள்ள வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு அணையாமல் நின்றுவிட்டால், ஸ்கேன் கருவியால் நேர்நிலையைப் பதிவு செய்ய வேண்டிவரும்.

ஆளில்லாத திறந்த இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நேராக ஓடும்போது வீல் சாய்ந்து நின்றால், தண்டு ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 36 பற்கள் உள்ள முனையில் ஒரு பல் 10 பாகைக்குச் சமம். இந்தச் சாய்வை டை ராட்டைத் திருகிச் சரிசெய்யச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். தண்டை மாற்றுவதால் சக்கரங்களின் அலைன்மெண்ட் மாறுவதில்லை. டை ராட்டைத் திருகினால் வீல் நேராகத் தோன்றும், ஆனால் பாக்ஸ் நடுநிலை தவறியே நிற்கும். மறுபடி வீலைக் கட்டி, தண்டைக் கழற்றி, சரியான பல்லில் மாட்டுவதே ஒரே வழி.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின், எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில், இரண்டு போல்ட்டுகளையும் டார்க் ரென்ச்சால் ஒரு முறை சோதித்து, போல்ட் தலைக்கும் கவைக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டு வையுங்கள். பின்னர் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால், போல்ட் நகர்ந்ததா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.